லிஃப்டுக்குள் அமெரிக்க வரலாறு

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே பாத்திரக்கடையும் நடுவில் தையல் பயிற்சி நிலையமும் இருக்கிற ஒரு காம்ப்ளக்ஸின் மூன்றாவது மாடியில் என் டுடோரியல் இருக்கிறது. தபால் வழியில் பி.ஏ. வரலாறு எழுதுகிற கண்டக்டர்களும் நர்சுகளும் போலீஸ்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். அவர்கள் தூங்காமல் கேட்கிற ஒரே பாடம், அமெரிக்கா மளமளவென்று தொழிற்சாலையாகப் பெருத்த காலம். ரயில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடல் வரை போனது. இரும்பு எஃகானது, எஃகு மாடிக்கு மேல் மாடியானது. ஒருவர் டெலிபோனில் பேசினார், இன்னொருவர் பல்பை எரியவிட்டார். நான் கையை ஆட்டி ஆட்டி நடத்துவதைப் பார்த்தால், அதெல்லாம் நான் பக்கத்தில் நின்று வேலை வாங்கியது போல இருக்கும் என்பாள் என் மகள்.

அந்தப் பாடத்தில் நான் உயிரைக் கொடுத்து நடத்துகிற இடம் லிஃப்ட். மாடி கட்டுவது பெரிதில்லை, அதில் ஏறுவது யார்? கயிறு அறுந்தால் விழப்போகிற பெட்டிக்குள் எவன் காலை வைப்பான்? அப்போதுதான் ஒரு மெக்கானிக், கண்காட்சியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே அந்த மாதிரி ஒரு மேடையில் தானே ஏறி நின்று, உயரத் தூக்கச் சொல்லி, கயிற்றைக் கோடாரியால் வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். மேடை கொஞ்சம் இறங்கி, ஓரத்துப் பல்லில் மாட்டி அப்படியே நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். இந்த இடத்தில் நான் டஸ்டரைத் தலைக்கு மேல் தூக்கி வணங்குவேன். கண்டக்டர்கள் விசில் அடிப்பார்கள்.

இவ்வளவு நடத்துகிறவன், எங்கள் காம்ப்ளக்ஸ் லிஃப்டில் ஒரு நாள்கூட ஏறியதில்லை. கேட்பவர்களிடம் “படி ஏறினா உடம்புக்கு நல்லதுங்க” என்பேன். உண்மை வேறு. சலூனில் கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கினாலே எனக்கு மூச்சு முட்டும். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கினால் உலகம் முடிந்துவிட்டது என்று தோன்றும். இடுக்கான இடத்தில் எனக்கு இருக்கிற பயத்தை வைத்து இன்னொரு டுடோரியல் நடத்தலாம்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் ஆயுத பூஜை வரும்வரை.

என் மகள், கூடப் படித்த ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையன் நல்லவன். பையனின் அம்மாவுக்கும் சம்மதம். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. ஏரியூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. “பேசியே பொழைக்கற குடும்பம். ஒரு கஷ்டம்னா நிக்குமா?” என்று பையனிடம் கேட்டிருந்தார். அதை என் மகள் என்னிடம் சொன்னபோது, அதற்குப் பதிலாக நான் நெடுநேரம் பேசினேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் எங்கள் டுடோரியல் பூஜைக்கு வருவதாகவும், பார்த்துவிட்டு ஆமா, இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாகவும் ஏற்பாடு. மகள் முதல்நாளே சொல்லிவிட்டாள்: “அப்பா, நாளைக்கு மட்டும் கொஞ்சம் தைரியமான ஆளு மாதிரி இருங்க. கொஞ்ச நேரம் போதும்.”

இருந்தேன். காலையிலேயே போய் வாட்ச்மேனிடம் லிஃப்டுக்கும் பூஜை போட்டு ஜோடனை செய்யச் சொன்னேன். வருகிறவருக்கு எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருப்பது தெரியவேண்டாமா? மடக்குக் கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்ட் அது. வெளியே ஒரு கம்பிக்கதவு, பெட்டியிலேயே ஒரு கம்பிக்கதவு. வாட்ச்மேன் வாசலின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். சாமந்தியைச் சணல் கயிற்றில் கோத்து, ஒரு முனையை வாழையிலும் மறுமுனையை உள்கதவின் பிடியிலும் கட்டி, மிச்சமிருந்த நீளக் கயிற்றைச் சுருட்டி வாழையடியில் போட்டுவிட்டார். நின்ற இடத்தில் பார்த்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்காது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் பையனின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை நிலக்கடலை.

“வாங்கண்ணா, வாங்க. மேலதான்.”

“எத்தன மாடி?”

“மூணுங்க.”

முழங்காலைத் தடவினார். “முட்டி ஆவாதே வாத்தியாரே.”

“லிஃப்ட் இருக்குதுங்க.” சொன்னது என் வாய்தான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

சாமந்திச் சரத்தை ஒதுக்கிவிட்டு அவரை முன்னால் அனுப்பி, நானும் நுழைந்தேன். இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினேன். பொத்தானை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. ஏறியது. முதல் மாடியைத் தாண்டும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் “தைரியமான ஆளு, தைரியமான ஆளு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கீழே கட்டியிருந்த சணல் விறைத்து, உள்கதவைப் படாரென்று இழுத்துவிட்டு அறுந்தது. கதவு கோணிக்கொண்டு, அது ஓடுகிற பள்ளத்திலிருந்து விலகியது. கதவு திறந்தால் ஓடாமல் நிற்கவேண்டும் என்பது அந்த லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அது நின்றது.

முன்னால் பூசாத செங்கல் சுவர். தலைக்கு மேலே இரண்டாம் மாடித் தரையின் விளிம்புக்கும் பெட்டியின் கூரைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் வெளிச்சம். அவ்வளவுதான் உலகம்.

“ஏன் நின்னுச்சு?”

“கொஞ்சம் நிக்கும்ங்க. அப்புறம் போவும்.”

“எப்பவும் இப்பிடி நிக்குமா?”

“எப்பவும்ங்க” என்றேன், ஒருநாளும் ஏறாதவன்.

கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தேன். பல்லைக் கடித்து இழுத்தேன். ஒரு சாமந்திப் பூ உதிர்ந்தது. போன் செய்யலாம் என்று சட்டைப் பையில் கைவிட்டால் பை காலி. என் தொழிலுக்கு ஆயுதம் எது என்று மனைவி யோசித்து, டஸ்டர், சாக்பீஸ், என் கண்ணாடி, செல்போன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டிருந்தாள்.

“உங்க போன்ல பையனுக்கு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா.”

“சொன்னா நக்கல் பண்ணுவான்” என்றார். “இருங்க. வராமயா போயிருவாங்க?”

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் முதன்முதலில் கூப்பிட்டது பக்கத்து அறையில் இருந்த உதவியாளரைத்தான். நான் வாய்விட்டே கூப்பிட்டேன். ஒரு மாடிக்கு மேலே இருந்த மனைவிக்குக் கேட்கவில்லை, அங்கே பூஜைக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்த வாட்ச்மேனுக்குக் கேட்டது. அவர் முதலில் செய்த காரியம், பல்பும் ஃபேனும் சட்டென்று அணைந்ததில் தெரிந்தது.

“மெயின ஆஃப் பண்ணிட்டனுங்க சார்!”

“யாருய்யா ஆஃப் பண்ணச் சொன்னது?”

“பாதுகாப்புக்குங்க! ஷாக் கீக் அடிச்சிடுச்சுன்னா?”

இருட்டியது. அந்தப் பல்புக்காக அமெரிக்காவில் ஒருத்தர் எத்தனை நாரை எரித்துப் பார்த்தார், மூங்கில் நாரைக்கூட விட்டுவைக்கவில்லை. எங்கள் வாட்ச்மேன் ஒரே விரலில் அத்தனை பாடுபட்டதையும் அணைத்துவிட்டார். சட்டைக் காலர் தானாக இறுகியது. சுவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது என்று சத்தியம் செய்வேன்.

“பயப்படாதீங்கண்ணா” என்றேன்.

“நான் எங்க பயந்தன்? நீங்கதான் என் துண்டப் புடிச்சு முறுக்கறீங்க.”

பார்த்தேன். உண்மைதான். துண்டை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையைப் பிடித்தால் மரியாதை போலாவது இருக்கும்.

பயந்தால் சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பாடம் வந்துவிடும். கயிறு வெட்டிய கதையை ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்கு வெட்டச் சொன்னான்?”

“அந்து போனாலும் வுழாதுன்னு காட்டறதுக்குங்க.”

“அவன் சொல்லி வெட்டுனாங்க. இங்க சொல்லாம அந்து போனா?”

“அதுக்கும் சேத்துதான்ங்க அந்தப் பல்லு.”

“இந்தப் பொட்டிக்குப் பல்லு இருக்குதா?”

அதை நான் பார்த்ததில்லை. “இருக்கும்ங்க” என்றேன். ‘இருக்கு’ என்று சொல்லியிருக்கலாம்.

கொஞ்சம் கழித்துக் கேட்டார்: “அவன் பொண்டாட்டி அங்க இருந்தாளா?”

“அது பாடத்துல இல்லீங்க.”

“இருந்திருந்தா வுட்டிருக்க மாட்டா.”

அதற்குள் பாட்டு நின்று, படிகளில் காலடிச் சத்தம். தலைக்கு மேலிருந்த வெளிச்சப் பிளவில் கால்கள் வந்து நின்றன. மெட்டி போட்ட கால் மனைவி. நகத்தில் பாதி அழிந்த பாலிஷ் மகள். வெடித்த குதிகால் வாட்ச்மேன்.

“என்னங்க, உள்ளயா இருக்கறீங்க?” என்றாள் மனைவி, நான் வேறெங்கோ போய்விட்டு இங்கே குரலை மட்டும் அனுப்பியிருப்பது போல.

“அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள் மகள். பக்கத்தில் அவர் உறுமியது எனக்குக் கேட்டது. அங்கிள் என்ற சொல் அவருக்கு ஆகாது என்று பையன் முன்னமே சொல்லியிருந்தான்.

வாட்ச்மேன்தான் வழி சொன்னார். “மொட்ட மாடியில மோட்டார் ரூம் இருக்குதுங்க சார். இரும்புக் கைப்பிடி ஒண்ண மாட்டி, பிரேக்க தளத்திவுட்டு, கையால சுத்துனா பொட்டி நவுரும். லிஃப்ட்டு கம்பெனிக்காரங்க காட்டிக் குடுத்திருக்காங்க.”

“சுத்துய்யா! சுத்து!”

“கைப்பிடி சாமிகிட்ட இருக்குதுங்க.”

“எந்தச் சாமிகிட்ட?”

“உங்க சாமிகிட்டதாங்க. நீங்கதான லிஃப்டுக்கும் பூச போடணும்னீங்க? எங்கிட்ட இருக்கற ஆயுதம் அது ஒண்ணுதான். சந்தனம் பூசி, பொட்டு வெச்சு, மேல அம்மா கையில குடுத்தன். படத்துக்கு முன்னாடி வெச்சிட்டாங்க.”

“எடுத்துட்டு வாய்யா.”

“வெச்சத எப்பிடிங்க எடுக்கறது? போன வருசம் பாத்திரக்கடக்காரரு பூச போட்ட டெம்போவ அன்னிக்கே எடுத்தாரு. மாரண்டஹள்ளிகிட்ட டயரு ரெண்டும் போச்சு. நான் தொட மாட்டனுங்க.”

மகள் யாரோ மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் சாமிகிட்ட இருக்குது, நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் முதல் வேலையா வந்துர்றேன் என்றார் அவர். இன்னொருவரும் அதையேதான் சொன்னார். அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்த திருகாணி முடுக்குகிற சாமான் அத்தனையும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தது. அத்தனை கண்டுபிடிப்பும் இருந்தது. தொடத்தான் கூடாது.

நான் வாயைத் திறந்தேன். “சாமி மன்னிக்காமயா போயிரும்? எடும்மா” என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குள் பக்கத்திலிருந்து அவர் குரல், வயலில் நின்று பேசுவது போல:

“எடுக்காதீங்க. சாமிக்கு வெச்சது வெச்சதுதான். எங்க வூட்டுல மம்பட்டியக்கூட நாளைக்குத்தான் தொடுவோம்.”

“அண்ணா சொல்றது சரிதான்” என்றாள் மனைவி உடனே. என் மூச்சு நின்றாலும் சம்பந்தம் நிற்கக்கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

மாட்டிக்கொண்டேன். இரும்புப் பெட்டிக்குள் மாட்டியது போதாதென்று. நான் எடு என்றால் சாமி பயம் இல்லாத வாத்தியார், பேசிப் பிழைக்கிற குடும்பம், பெண் வேண்டாம். எடுக்காதே என்றால் நாளை காலை வரை இங்கேயே. மகளின் பாதங்கள் பிளவில் அசையாமல் நின்றன. கால்விரல்கள் மட்டும் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன. சின்ன வயதில் பயந்தால் அப்படித்தான் செய்வாள்.

“சரிங்கண்ணா” என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் பேசியதில்லை.

அப்போதுதான், நான் அதிகம் கையை ஆட்டாமல் நடத்துகிற ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. அதே அமெரிக்கா, அதே மாடிகள். ஒரு துணித் தொழிற்சாலை. தைக்கிற பெண்கள் எதையும் எடுத்துப்போய்விடக் கூடாது என்று முதலாளிகள் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. லிஃப்ட் ஓட்டியவர்கள், புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய், முடிகிறவரை ஆட்களை இறக்கினார்கள். பிறகு முடியவில்லை. இதை நான் “விளைவுகள்: தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள்” என்று ஒரே வரியில் எழுதிப் போட்டு, கீழே கோடு இழுத்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எங்களுக்குத் தீ இல்லை, புகை இல்லை. மேலே மெட்டி போட்ட கால் நிற்கிறது. அதற்கே எனக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டது. பூட்டிய கதவைத் தட்டிய கைகளை அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

“என்ன, பேச்சக் காணோம்?” என்றார் அவர். குரல் லேசாக மாறியிருந்தது.

“ஒண்ணுமில்லீங்க.”

“பேசுங்க. ரயிலு கியிலு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. மணி வேற ஆவுது, எமகண்டம் பொறந்துரும்.”

அந்த வார்த்தையை லிஃப்டுக்குள் சொல்லலாமா? சொன்ன வாயை மூடுவதற்குள், மேலே மோட்டார் ரூம் பக்கம் அந்தப் பழைய பிரேக் வழுக்கிக் கிறீச்சிட்டது. பெட்டி ஒரு சாண் அளவு சட்டென்று இறங்கி, ஒரு உலுக்கலோடு நின்றது.

அடுத்து நடந்ததற்கு நான் தலைகுனியமாட்டேன். கத்தியது நான் மட்டுமில்லை. அவர் என்னைவிட உரக்கக் கத்தினார். “தீர்த்தமல சாமி! காப்பாத்து! படியேறியே வர்றேன்!” மூன்று மாடிக்கு ஆகாத முழங்கால், அந்த மலை முழுவதற்கும் சம்மதித்துவிட்டது. அதே மூச்சில் மேலே பார்த்துக் கூப்பிட்டார்: “அம்மாடி! அந்தக் கைப்பிடிய எடும்மா!”

மேலிருந்து உடனே பதில் வரவில்லை. என் மகளை எனக்குத் தெரியும். அவள் யோசிக்கிறாள் என்றால் யாருக்கோ ஆபத்து.

“சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அங்கிள்?”

“சொன்னன். இப்ப நாந்தான் சொல்றன், எடு.”

“குத்தம் ஆயிட்டா அங்கிள்? அப்புறம் பொண்ணு வூட்டுக்காரங்களுக்குச் சாமி பயமே இல்லன்னு…”

“அங்கிள்னு கூப்டாத!” என்று அவர் போட்ட சத்தத்தில் பெட்டியே இன்னொருமுறை அதிர்ந்தது. “மாமான்னு கூப்புடு. கூப்ட்டுட்டு போய் எடு!”

கீழே வாட்ச்மேனின் பேட்டரி ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடியது.

“சரிங்க மாமா” என்றாள்.

பாதங்கள் மறைந்தன. அவள் படியில் ஓடிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

கைப்பிடியை எடுத்தவள் அவள். வாட்ச்மேன் அதைத் துண்டால் பிடித்துச் சுற்றினாராம், தன் கையால் தொடவில்லை என்று சாமியிடம் சொல்லிக்கொள்ள. பெட்டி விரல் அளவு, விரல் அளவாக மேலே ஏறியது. ஒவ்வொரு அசைவுக்கும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். செங்கல் சுவர் கீழே போனது, தரை வந்தது, பாதங்கள் வந்தன, பாதங்களுக்கு மேலே புடவை வந்தது, கடைசியில் மனைவியின் முகம் வந்தது. இரண்டாம் மாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த முதல் பயம் புதுப் பயம். உள்ளே கத்திச் சொன்ன வார்த்தை வெளியே செல்லுமா? அவர் இடது கையாலேயே வேட்டியைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், துண்டை உதறினார். பழைய ஆளாக ஆகிக்கொண்டிருந்தார். மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து நின்றாள், கையெல்லாம் சந்தனம்.

அவர்தான் முதலில் பேசினார்.

“சம்பந்தி, கைய வுடறீங்களா? தண்ணி குடிக்கணும்.”

குனிந்து பார்த்தேன். அவர் வலது கையை என் இரண்டு கைகளும் பிடித்திருந்தன. விரலில் ரத்தம் செத்து வெள்ளையாக இருந்தது. விடுகிற வழி எனக்கு மறந்து போயிருந்தது. மனைவிதான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மூன்றாவது மாடிக்குப் படியில் ஏறினோம். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். ஒரு திருப்பத்தில் மற்றவர்கள் முன்னால் போனதும் குரலைத் தாழ்த்தினார். “நீங்க மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் அந்தக் கயித்தயே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பன். கத சொன்னீங்க, அதனால நின்னன்.” பிறகு, “நான் கத்துனத வெளிய சொல்லாதீங்க” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். இதை அவர் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பூஜை நடந்தது. கைப்பிடியை அவரே வாங்கிப் புதிதாகச் சந்தனம் பூசி, மறுபடி சாமி முன்னால் வைத்தார். உதடு ரொம்ப நேரம் அசைந்தது. சாமியிடம் நியாயம் பேசியிருக்கவேண்டும்.

தை பிறந்ததும் கல்யாண மண்டபம் பார்க்க நானும் அவரும் போனோம். புது மண்டபம், கண்ணாடி போல வழுக்குகிற தரை. மேனேஜர் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எல்லாம் விளக்கினார்.

“சாப்பாடு எங்கீங்க போடறது?” என்றார் சம்பந்தி.

“ரெண்டாவது மாடிங்க. பெரிய ஹாலு.”

சம்பந்தி முழங்காலைத் தடவினார்.

“படியப் பத்திக் கவலப்படாதீங்க ஐயா” என்றார் மேனேஜர் பெருமையாக. “லிஃப்ட் இருக்குதுங்க.”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். காபி பாதியில் இருந்தது.